கரண்ட் இல்லாத அரைமணி நேரம்

சாலை, திருவனந்தபுரம்
17.8.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்வப்னா எழுதுவது. நான் நலம். அப்பாவும் பகவதியம்மாள் அத்தையும் நலம். அங்கே நீ நலமா? பெங்களூரில் இப்போதே குளிரும் என்று ஷிஜா சொல்கிறாள். காதை மூடிக்கொண்டு தூங்கு.

ஷிஜாவின் மாமா, நீ வாசிக்கிற ஓட்டலுக்கு வந்து உன்னைப் பார்த்தாராம். அவர்தான் விலாசம் தந்தார். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். அத்தை புரண்டு படுத்தால்கூடப் பேனாவை மூடிவிடுகிறேன். நீ பதில் போடுவதானால் ஷிஜா வீட்டு விலாசத்துக்குப் போடு. இங்கே உன் பெயரை யாரும் சொல்வதில்லை. போன மாதம் நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பா சாப்பாட்டுத் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மச்சில் பழைய பெயிண்ட் டின்களுக்குப் பின்னால் உன் கிதாரைக் கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்தில் ஒரு சாக்குப்பை. அதில் பொத்தான் வைத்த இரண்டு தகரப் பெட்டிகள், காலால் மிதிக்கிற ஒரு பலகை, குட்டி ஸ்பீக்கர், நிறைய வயர். எது எதற்கு என்று தெரியவில்லை. தொட்டால் உடைந்துவிடுமா? நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை
ஸ்வப்னா


பெங்களூர்
26.8.1997

என் குட்டிச்சாத்தானே,

நலம். நீ நலமாக இருக்கிறாய் என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டு இவ்வளவு தமிழ் எழுதுவாய் என்று நான் நினைக்கவில்லை.

உன் கடிதத்தை எங்கள் டிரம்மருக்குப் படித்துக் காட்டினேன். கிதாரை எலி தின்றிருக்கும் என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு இந்தக் கிதாருக்காக அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியபோது எதையும் எடுக்க முடியாமல் போய்விட்டது. இங்கே ஓட்டல்காரர்களின் கிதாரைத்தான் வாசிக்கிறேன்.

தொட்டால் உடையாது. சிவப்புப் பெட்டிக்கு ஃபஸ் என்று பெயர். நல்ல சத்தத்தை வாங்கி, மாவு மில்லில் அரைத்துத் தரும். கருப்புப் பெட்டி எக்கோ. நீ ஒரு தடவை தட்டினால் அது பத்துத் தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோகும். பலகையின் பெயர் வா-வா. முன்பாதத்தை அழுத்தினால் சத்தம் வாயைத் திறக்கும், குதிகாலை அழுத்தினால் மூடும். உண்மையாகவே வாய் போலத்தான் இருக்கும், பார். எல்லாமே பேட்டரியில் ஓடும், கரண்ட் வேண்டாம். கடையில் அரையங்குலக் குழாய்த் துண்டு ஒன்று விரல் நீளத்துக்குக் கிடந்தால் எடுத்து, இடது சுண்டு விரலில் மாட்டிக் கம்பிமேல் சறுக்கவிடு. குழாய்க் கடைக்காரர் மகளுக்கு அது இலவசம்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்பாரா?

அன்புடன்
ஜெயகுமார்


சாலை
14.9.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அத்தைக்கு மட்டும் முழங்கால் வலி.

இங்கே தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் கரண்ட் கட். நம் தெருவுக்கு ஏழு மணிக்கு. அப்பா கடையில் பெட்ரோமாக்ஸ் ஏற்றி வைத்துவிட்டு வாசலிலேயே நிற்பார். அத்தை விளக்கு முன்னால் உட்கார்ந்து நாமம் சொல்லுவாள். நான் மெழுகுவர்த்தியோடு மாடியில் படிப்பதாகப் பெயர். அந்த அரைமணி நேரம்தான் மச்சுக்கு ஏற முடிகிறது.

குழாயைச் சறுக்கிப் பார்த்தேன். எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை, ஆனால் அப்படித் தெரியாமல் போவதுதான் நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். கம்பியைத் தட்டும்போது முதலில் 'டிங்' என்று கேட்கிறதே, அது இல்லாமல் செய்ய முடியுமா? கிதார் என்றே தெரியாத மாதிரி. யாரோ தூரத்தில் இருக்கிற மாதிரி.

நாகர்கோவிலிலிருந்து தரகர் பிச்சையா இரண்டு தடவை வந்தார். அப்பாவுக்குப் பெண் பார்த்தாயிற்று. பெயர் விஜயம், சொந்த ஊர் நாகர்கோவில். கரமனையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறாள். தை மாதம் கல்யாணம். அவள் வருவதற்குள் மச்சை ஒழித்து வெள்ளை அடிக்க வேண்டும் என்று பேச்சு.

'டிங்' போவதற்கு வழி எழுது.

உன் தங்கை
ஸ்வப்னா


பெங்களூர்
24.9.1997

அன்புள்ள ஸ்வப்னா,

நலம். நேற்று வாசிக்கும்போது இரண்டு தடவை தப்புவிட்டேன். காரணம் உனக்குத் தெரியும்.

அப்பாவுக்குக் கல்யாணம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சரி. அம்மா போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. தனியாக எத்தனை நாள் இருப்பார்? நீயும் கல்லூரிக்குப் போய்விடுவாய். நல்ல பெண்ணாக இருந்தால் நல்லதுதான். கிதாரை ஷிஜா வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று பார்.

'டிங்' போக வேண்டுமானால் கிதாரின் வால்யூம் திருகை முழுக்க மூடிவிட்டுக் கம்பியைத் தட்டு. பிறகு சுண்டு விரலால் மெல்லத் திற. தட்டியது கேட்காது, பின்னால் வருகிற மூச்சு மட்டும் கேட்கும். இன்னொன்று, எங்கள் ஓட்டலில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் எனக்கு ஒரு காந்தக் கருவி கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கைக்குள் அடங்கும். கம்பிக்கு மேலே தொடாமல் பிடித்தால் போதும், கம்பி தானாக நடுங்கிப் பாடிக்கொண்டே இருக்கும். நீ எடுக்கும்வரை நிற்காது. ஓட்டலில் ஆட வருகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை, எழவு வீடு மாதிரி இருக்கிறதாம். உனக்கே அனுப்புகிறேன். பார்சல் ஷிஜா வீட்டுக்கு வரும்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

அண்ணன்
ஜெயகுமார்


சாலை
19.10.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். பார்சல் வந்தது. உடனே எழுதாததற்குக் கோபிக்காதே. எழுதப் பயமாக இருந்தது.

காந்தக் கருவியை வலது கையில் பிடித்து, இடது கையில் குழாயைச் சறுக்கினேன். எக்கோ பெட்டியை முக்கால்வாசி திறந்திருந்தேன். அது கிதார் சத்தமே இல்லை, அண்ணா. ஒரு பொம்பளை வாயைப் பொத்திக்கொண்டு அழுவது போல இருந்தது. ஸ்பீக்கரைச் சின்னதாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் மச்சு ஜன்னல் முற்றத்துக்குத் திறக்கும் என்பதை மறந்துவிட்டேன். கீழே அத்தை அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

"தங்கப்பா! ஓடி வா! முத்தாரம்மையில்லா அழுகா!"

நான் எல்லாவற்றையும் சாக்கில் போட்டுவிட்டு இறங்கி வந்து புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அப்பா டார்ச்சோடு படியில் நின்றார்.

"யாரு மேல?"

"நானாக்கும் அப்பா. படிக்கேன்."

"ரேடியோ ஏதும் வச்சியா?"

"கரண்ட் இல்லல்லா?"

"ஆமா. கரண்ட் இல்ல." டார்ச்சை அணைத்தார். "நீ கேட்டியா மக்ளே?"

கேட்டேன் என்று சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் பிச்சையா கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்தார். கரண்ட் போனதும் மறுபடி வாசித்தேன். முதல் தடவை தெரியாமல் நடந்தது. இது தெரிந்தே செய்தது. பிச்சையா குடித்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் வாசித்தேன். இப்போது முற்றத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஏழு மணிக்கு வந்து நிற்கிறார்கள். கல்யாணப் பேச்சு நின்றிருக்கிறது. மச்சை ஒழிக்கிற பேச்சும்தான்.

சந்தோஷமாகவும் இருக்கிறது. சாப்பாடு இறங்கவும் இல்லை.

ஸ்வப்னா


பெங்களூர்
27.10.1997

ஸ்வப்னா,

நிறுத்து.

முதலில் படித்தபோது சிரித்தேன், மறைக்கவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. அம்மாவை இதில் இழுக்காதே. அவள் சத்தம் போட்டு அழுது நீயும் நானும் கேட்டதே இல்லை. அதை அவள் அழுகை என்று அவர்கள் நம்ப நீ எப்படி விட்டாய்? சாக்கைக் கட்டி ஷிஜா வீட்டில் போட்டுவிடு.

நான் உனக்கு விளையாட்டுச் சாமான் அனுப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒழுங்காகச் சாப்பிடு.

ஜெயகுமார்


சாலை
23.11.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதம் வந்த அன்றே நிறுத்திவிட்டேன். ஆனால் அதற்குள் அத்தை நெய்யாற்றின்கரையிலிருந்து ஜோசியம் பார்க்கிற ஒரு பணிக்கரை வரவழைத்துவிட்டாள். அவர் சோழியை உருட்டிப் பார்த்துவிட்டு, "போனவளுக்குச் சம்மதமில்ல. வரப்போறவளுக்க ஜாதகத்தில தோஷம் உண்டு, அதாக்கும் இது வெளிய வருது" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். விஜயத்தின் ஜாதகத்தில் இருந்தது தோஷம் இல்லை அண்ணா. நான்.

விஜயத்தைப் பார்க்க அப்பா நேரில் போகவில்லை. பிச்சையாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார், கல்யாணம் வேண்டாம் என்று.

போன சனிக்கிழமை விஜயமே வீட்டுக்கு வந்தாள். நிச்சயத்துக்குக் கொடுத்த பட்டுச் சேலையைத் திருப்பித் தர. அப்பா கடையில் இருந்தார், உள்ளே வரவில்லை. அத்தைதான் வாங்கினாள், தொடாமல், முறத்தில்.

"முறத்தில வாங்கற அளவுக்கு அதில என்ன ஒட்டியிருக்கு அக்கா?" என்று விஜயம் கேட்டாள்.

"நான் என்னத்தச் சொல்ல அம்மா. எல்லாம் விதி."

"விதிக்கு நல்ல நேரம் பாத்து வரத் தெரியுது. சரியா கரண்ட் கட்டுக்கு."

அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நீதானா ஸ்வப்னா? பத்தாங்கிளாஸ்தானே? பரீட்சை முடிஞ்சா டைப் படிக்க வா. இதையெல்லாம் மனசில வைக்காத" என்றாள். ஏற்கனவே இரண்டு இடம் கூடிவந்து தட்டிப்போனதாம் அவளுக்கு. இனி தோஷக்காரி என்று நாகர்கோவில் முழுக்கப் பிச்சையா சொல்லிவிடுவார்.

அண்ணா, கிதாரைச் சிரிக்க வைக்க முடியுமா? அம்மா சிரித்தால், சம்மதம் என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? சீக்கிரம் எழுது.

ஸ்வப்னா


பெங்களூர்
1.12.1997

அன்புள்ள ஸ்வப்னா,

நலம். நீ எழுதியதை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவிடம் போய்ச் சொல். அதுதான் வழி. சொன்னால் என் பெயரும் வெளியே வரும், வரட்டும். அவர் என்மேல் புதிதாகக் கோபப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒருவர் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க வராது. அழ வைப்பது லேசு, நீட்டினால் எதுவும் அழும். சிரிப்புக்குச் சத்தத்தைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். இடது கையால் கம்பிகளை அழுத்தாமல் சும்மா மூடிக்கொள். வலது கையால் வேகமாகத் தட்டு. வா-வா பலகையை அதே வேகத்தில் முன்னும் பின்னும் மிதி. யாரோ தொண்டைக்குள் சிரிக்கிற மாதிரி வரும். எக்கோவை மூடி வை.

இதைச் செய் என்று நான் சொல்லவில்லை. எப்படி என்று மட்டும்தான் சொன்னேன்.

அண்ணன்


சாலை
16.12.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலம்தானே? எனக்கு ஜுரம் வந்து போனது. இப்போது தேவலை.

சிரிக்க வைத்தேன். நீ சொன்ன மாதிரியே வந்தது. எக்கோவை மூட மட்டும் மறந்துவிட்டேன். ஒரு சிரிப்பு பத்துச் சிரிப்பாகப் போய் முற்றத்தில் விழுந்தது. அழுதபோது நின்று கேட்டவர்கள் சிரித்தபோது நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடினார். அத்தை குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டே கடைக்குள் ஓடி, "சிரிக்கா! யட்சியாக்கும்! முத்தாரம்ம இல்ல, யட்சி!" என்று கத்தினாள். சாமான் வாங்க வந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.

பணிக்கர் மறுபடி வந்தார். அழுதவள் அம்மாதானாம். சிரித்தது வேறாம். பட்டுச் சேலையோடு வந்ததாம். விஜயம் கொண்டுவந்து விட்டுப் போனது என்று இப்போது சாலைக் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. மச்சு வாசலில் இரும்பாணி அடித்துப் பூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்பா கடையிலிருந்தே ஆணி எடுத்து வைத்திருக்கிறார்.

நான் சரி செய்யப் போய் அதை அவள் தலையில் ஏற்றிவிட்டேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் ஷிஜாவோடு கரமனைக்குப் போனேன். மாடியில் ஒரு நீள அறை. எல்லோரும் டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள், ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி விழுவது போல. விஜயம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். காந்தக் கருவியை அவள் மேஜைமேல் வைத்து, முழுவதையும் சொன்னேன். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் பேசப் பேச ஒவ்வொருவராக அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசி வரியை எல்லோருமே கேட்டார்கள்.

விஜயம் திட்டவில்லை. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வந்தா உனக்கு என்ன போயிரும்ணு நினைச்ச?"

"மச்ச ஒழிச்சிருவாங்க. அண்ணனுக்க கிதாரு அங்கயாக்கும் இருக்கு."

"எந்த அண்ணன்?"

"எனக்க அண்ணன். ஜெயகுமார்."

"உனக்கு அண்ணன் உண்டா?"

அப்பா தனக்கு ஒரே மகள் என்று சொல்லித்தான் பெண் கேட்டிருக்கிறார், அண்ணா. இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று நெடுநேரம் யோசித்தேன். நீ கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு நான் பதில் எழுதாமலே இருந்தேன். இதுதான் பதில். மன்னித்துக்கொள்.

விஜயம் கருவியை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "உங்க அப்பாட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள். மற்றவர்களைப் பார்த்து, "ம், அடிங்க" என்றாள்.

நாளைக்கு ஆணி அடிக்க ஆள் வருகிறார். பதில் எழுது.

ஸ்வப்னா


சாலை
4.1.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதில் வரவில்லை. ஷிஜா தினமும் தபால்காரரிடம் கேட்கிறாள். நீ நலமாக இருந்தால் போதும்.

ஆணி அடிக்க ஆள் வந்தபோது சொல்லிவிட்டேன். சொல்லவில்லை, செய்து காட்டினேன். சாக்கை மச்சிலிருந்து இறக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். அவசரத்தில் வயரைத் தப்பாகச் சொருகிவிட்டேன், முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. பகல் பதினொரு மணி, கடையில் கரண்டும் இருந்தது. குழாய் வளைவுகளுக்கும் தாழ்ப்பாள்களுக்கும் நடுவில் அது அழுதது. அத்தை, "அய்ய, இதா!" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். ஆணி அடிக்க வந்தவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அப்பா என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"இது அவனுக்கதா?"

"ஆமா."

"யாரு சொல்லித் தந்தா?"

"அண்ணன்தான். கடிதத்தில."

"கடிதத்திலயா? இத எழுத்தில சொல்லித் தர முடியுமா?"

"அண்ணன் சொல்லுவான் அப்பா. படிச்சா கேக்கும்."

அவர் தராசுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம், நீ எழுதிய கடிதங்கள் எங்கே என்று கேட்டார். கொடுத்தேன். கடையைச் சாத்திக்கொண்டு படித்தார். கடிதங்களைத் திருப்பித் தரவில்லை. விஜயத்திடம் நான் உன்னைப் பற்றிச் சொன்னதையும் சொல்லிவிட்டேன். பத்து நாளுக்கு மேல் கடையும் சாப்பாடுமாகவே இருந்தார்.

நேற்று காலையில் சட்டை மாற்றிக்கொண்டு, "கிளம்பு. கரமனைக்குப் போகணும்" என்றார். போனோம். அங்கே நடந்ததை நான் எழுதக்கூடாதாம். அதை அவர் எழுதுகிறாராம். அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் தங்கை
ஸ்வப்னா


சாலை, திருவனந்தபுரம்
5.1.1998

சிரஞ்சீவி ஜெயகுமாருக்குத் தகப்பன் தங்கப்பன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நாங்கள் யாவரும் சௌக்கியம். உன் சௌக்கியம் தெரிய வேண்டியது.

கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடைக்குச் சரக்குக் கேட்டு எழுதுவதுதான். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் விஜயம் என்கிற அந்த அம்மாளைப் பார்க்கப் போனேன். சத்தத்துக்குப் பயந்து ஆளை விட்டுச் சொல்லி அனுப்பியது என் தப்பு என்று சொன்னேன். பிச்சையாவைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் நாலு வீட்டுக்கும் நானே போய், குற்றம் என் வீட்டில்தான், அவர்கள் ஜாதகத்தில் இல்லை என்று சொல்வதாகவும் சொன்னேன். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்கள்.

"பேய்க்குப் பயப்படறது மனுஷ சுபாவம். அதை விடுங்க. நான் ஒண்ணு கேக்கேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றார்கள்.

அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்வப்னா பக்கத்தில் நின்றாள். இரண்டு என்று சொன்னேன்.

கல்யாணம் இல்லை. "அன்னைக்கே ரெண்டுண்ணு சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன். இனி வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். அது நியாயம். எங்கள் இருவருக்கும் டீ கொடுத்தார்கள். ஸ்வப்னா ஏப்ரலில் டைப் படிக்கப் போவாள்.

வெளியே வரும்போது, "மூத்தவன் என்ன செய்கான்?" என்று கேட்டார்கள். கிதார் வாசிக்கிறான் என்றேன். நன்றாக வாசிப்பானா என்று கேட்டார்கள். நீ வாசித்து நான் உட்கார்ந்து கேட்டதில்லை.

இப்படிக்கு
தங்கப்பன்